தாலி கட்டாமல் துணைக்கு விசா கிடைக்குமா? தென்னாப்பிரிக்கா

14 ஜனவரி 2023, கேள்வி, பீனிக்ஸிலிருந்து

நான் இங்கேயே பிறந்தவன், தென்னாப்பிரிக்கக் குடிமகன். என் தோழி கோயம்புத்தூர்ப் பெண். டர்பனுக்குப் படிக்க வந்தவள், படிப்பு விசா இந்த வருடக் கடைசியில் முடிகிறது. மூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்பது இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு. ஆனால் கோயிலில் கேட்டாலும், அத்தை வீட்டில் கேட்டாலும், வேலை இடத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சீக்கிரம் தாலியைக் கட்டு, சர்டிபிகேட் வாங்கு, இல்லாவிட்டால் அவள் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்." இது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

14 ஜனவரி 2023, இரவு

உண்மை இல்லை தம்பி. சட்டம் உன் பக்கம்தான் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் கணவன் மனைவி என்று ஏற்றுக்கொள்வது பதிவுத் திருமணம் செய்தவர்களை மட்டும் இல்லை. ஆணும் பெண்ணுமாகவோ, ஒரே பாலினத்தவராகவோ நிரந்தர உறவில் சேர்ந்து வாழ்பவர்களையும் அதே வரியில் சேர்த்திருக்கிறது. இங்கே எல்லோரும் லைஃப் பார்ட்னர் விசா என்று சொல்வது இதைத்தான்.

நான் நாகர்கோவில்காரி. வெஸ்ட்வில் வளாகத்தில் மருந்தியல் மேற்படிப்புக்கு வந்தேன். என்னவர் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், ஒரு விவாகரத்தைத் தாண்டி வந்தவர். அடுத்த கல்யாணத்தை அவசரமாகச் செய்ய அவருக்கு மனமில்லை. விசாவுக்காக ஒரு கல்யாணம் என்பது எனக்கும் ஒப்பவில்லை. படிப்பு விசாவிலிருந்து, அந்தச் சட்டத்தின் பிரிவு 11(6)-இல் வரும் இந்தத் துணைவர் விசாவுக்கு மாறி, அங்கிருந்து நிரந்தரக் குடியிருப்பு வாங்கினேன். இன்று வரை நாங்கள் பதிவு செய்துகொள்ளவில்லை. ஆகவே "தாலி இல்லாமல் நடக்காது" என்பவர்களிடம் நடந்திருக்கிறது என்று சொல்.

15 ஜனவரி 2023

எதையெல்லாம் காட்ட வேண்டும் என்று நிறையப் பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

2014 மே மாதம் வந்த விதிகளில் மூன்றாவது விதியைத்தான் நீங்கள் நன்றாகப் படிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே குறைந்தது இரண்டு வருடம் அந்த உறவு இருந்திருக்க வேண்டும். இருவரும் படிவம் 12-இல் உறுதிமொழி தர வேண்டும். நோட்டரி முன்னால் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருவரில் யாரும் வேறொரு திருமணத்திலோ வேறொரு நிரந்தர உறவிலோ இல்லை என்பதும் அதில் வர வேண்டும். முன்பு கல்யாணமானவர் என்றால் விவாகரத்து ஆணை, துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். இதற்கு மேல் இரண்டு விஷயத்துக்கு ஆதாரம் கேட்பார்கள்: ஒரே கூரையின் கீழ் வாழ்கிறீர்கள், குடும்பச் செலவைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்கள் விவரமும்.

இதோடு மருத்துவ அறிக்கை, போலீஸ் சான்றிதழ்கள். இந்தியப் போலீஸ் சான்றிதழைத் தூதரகம் வழியாக வாங்க நேரமாகும், முதலில் அதைத் தொடங்குங்கள். பட்டியல் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில், விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் தளத்தில் உள்ளதைப் பாருங்கள், நான் கொடுத்த பட்டியலைப் பார்த்துக் கோப்பு கட்டாதீர்கள்.

லெனேசியா அண்ணன் "ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அது பிரிவு 26(b), நிரந்தரக் குடியிருப்புக்கானது. தற்காலிக விசாவுக்கு இரண்டு வருடம் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

15 ஜனவரி 2023, மறுபடியும்

நோட்டரி என்றால் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. போலீஸ் ஸ்டேஷனில் ஆவணத்தின் நகலுக்கு முத்திரை வைத்துக் கொடுப்பவர் நோட்டரி இல்லை. எல்லா வக்கீலும் நோட்டரி இல்லை. வக்கீலாக இருந்துகொண்டு அதற்கென்று தனித் தேர்வு எழுதி, உயர் நீதிமன்றத்தில் நோட்டரியாகச் சேர்க்கப்பட்டவர்தான் இந்த ஒப்பந்தத்தைச் செய்ய முடியும். அலுவலகத்துக்குப் போன் செய்யும்போதே "இங்கே நோட்டரி இருக்கிறாரா" என்று கேளுங்கள்.

22 ஜனவரி 2023

ஏஜெண்டுகள் பற்றி. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் முதல் விண்ணப்பத்தை ஒரு ஏஜெண்டிடம் கொடுத்தோம். தமிழ் பேசும் மனிதர், எங்கள் மாமியார் வீட்டுக்கு வேண்டியவர். கணினியில் வைத்திருந்த ஒரு மாதிரி ஒப்பந்தத்தில் எங்கள் பெயரை நுழைத்து, போலீஸ் முத்திரை வாங்கி, "இது போதும், எல்லோருக்கும் இப்படித்தான்" என்றார். அதில் முந்தைய தம்பதியின் வீட்டு முகவரி அப்படியே இருந்தது. மறுப்புக் கடிதம் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது போனை எடுக்கவில்லை.

மறுப்பு வந்தால் கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரிவு 8-இன்படி கடிதம் கைக்கு வந்த பத்து வேலை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் மறுக்கப்பட்டால் அமைச்சரிடம் போக இன்னொரு பத்து வேலை நாள். கடிதத்தை வாங்கிய தேதி முக்கியம், உறையையும் எடுத்து வையுங்கள். எங்கள் நோட்டரி ஒப்பந்தத்தை மேல்முறையீட்டோடுதான் சேர்த்தோம், அது ஏற்கப்பட்டது.

ஒரு காலத்தில் குடிவரவு ஆலோசகர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற பிரிவு சட்டத்தில் இருந்தது. 2014-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் கதவில் பலகை மாட்டலாம். வக்கீல் என்றால் அவரைக் கண்காணிக்க ஓர் அமைப்பு இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம். சும்மா ஏஜெண்ட் என்பவர் மேல் எங்கே புகார் கொடுப்பீர்கள்? பணம் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

5 பிப்ரவரி 2023

காவடி முடிந்து வந்து உட்கார்ந்து படித்தால் இவ்வளவு செய்திகள்!

டோங்காட்டிலிருந்து ஒரு தங்கை எழுதியிருப்பதை எல்லோரும் படிக்க வேண்டும். கணவர் சென்னை. கோயிலில் ஐயர் வைத்து, ஊரைக் கூட்டி, தாலி கட்டிக் கல்யாணம். திருமண விசாவுக்கு விண்ணப்பிக்கப் போனபோது உள்துறை அலுவலகத்தின் திருமணச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். அது இல்லை. தாலி கட்டி வைத்த ஐயர் அரசு நியமித்த திருமண அலுவலர் இல்லை. "அப்படியென்றால் நான் யார்?" என்று கேட்டிருக்கிறாள்.

தங்கை, உன் கல்யாணம் கடவுள் முன்னாலும் ஊர் முன்னாலும் நடந்த கல்யாணம்தான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் நீ இன்னும் கல்யாணமாகாதவள். 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் நடத்திப் பதிவு செய்தால்தான் செல்லும். 1998-இல் வந்த வழக்கத் திருமணங்கள் சட்டம் ஆப்பிரிக்கப் பழங்குடி வழக்கங்களுக்கானது, நம் சடங்கு அதில் வராது. சொத்து விஷயத்தில் டர்பன் உயர் நீதிமன்றம் கோவேந்தர் வழக்கில், இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று சொன்னது. அது அந்த ஒரு சட்டத்துக்கான தீர்ப்பு, விசா கவுண்ட்டரில் அதை நீட்டிப் பயனில்லை.

ஆக உனக்கு இரண்டு வழி. திருமண அலுவலர் முன்னால் பதிவு செய்துகொள்வது ஒன்று. வெளிநாட்டவரை மணக்கும்போது அவர் வேறு கல்யாணத்தில் இல்லை என்ற சான்று கேட்பார்கள், அதை முன்பே தயார் செய்துகொள். இன்னொன்று, சேர்ந்து வாழ்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தால் இந்த லைஃப் பார்ட்னர் வழியிலேயே போவது. அப்போது கோயில் கல்யாணப் பத்திரிகையும் படங்களும் நல்ல ஆதாரங்கள். உன்னை விட அழகான கோப்பு யாரிடம் இருக்கும்!

பதிவு செய்வதென்றால் அதற்கு முன் ஆன்டிநப்ஷியல் ஒப்பந்தம் (யார் சொத்து யாருக்கு என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்வது) பற்றி இருவரும் பேசுங்கள். அது இல்லாமல் பதிவு செய்தால் இங்கே சொத்தும் கடனும் தானாகவே பொதுவாகிவிடும்.

6 பிப்ரவரி 2023

கோயில் நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முகூர்த்தம் குறிக்கும்போதே "பதிவு எப்படி" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சாட்ஸ்வொர்த்திலும் மெரிபேங்கிலும் இன்னும் எத்தனையோ வயதான அம்மாக்கள் அரசு ஆவணத்தில் கன்னிப் பெண்களாகத்தான் இருக்கிறார்கள். கணவர் போன பிறகு பென்ஷன் கவுண்ட்டரில் நிற்கும்போதுதான் அது தெரிய வருகிறது.

19 பிப்ரவரி 2023

சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரம் என்ன என்பதுதான் இப்போது பெரிய கேள்வி. நம் வீடுகளில் இதுதான் சிக்கல், ஏனென்றால் எல்லாம் ஒருவர் பெயரில் இருக்கும். லைட், தண்ணீர் பில் மாமனார் பெயரில். வீடும் அவர் பெயரில். அவர் வீட்டின் பின்கட்டில் நீங்கள் இருவரும் வாடகை இல்லாமல் இருக்கிறீர்கள். வாழ்க்கை முழுக்கச் சேர்ந்தது, காகிதத்தில் ஒன்றுமில்லை.

இப்படிச் செய்யுங்கள். மாமனாரிடம் எழுத்தில் ஒரு வாடகை ஒப்பந்தம் போடுங்கள், தொகை சிறிதாக இருந்தாலும் ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகப் போகட்டும். மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) ஒருவர் மற்றவரைச் சேர்க்கட்டும். ஆயுள் காப்பீட்டில் வாரிசாகப் பெயர் எழுதுங்கள். உயில் எழுதுங்கள், அது ஆதாரம் மட்டும் இல்லை, அவசியமும். தபால் இருவர் பெயரிலும் ஒரே முகவரிக்கு வரட்டும். மளிகைக்கு யார், வாடகைக்கு யார் என்று பணம் மாறிய வங்கி அறிக்கைகளைச் சேருங்கள். அக்கம்பக்கத்தார், பெற்றோர் உறுதிமொழிக் கடிதம் தரலாம். போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். வெறும் "நல்ல ஜோடி" என்று எழுதினால் பயன் இல்லை, எந்த வருடத்திலிருந்து எந்த வீட்டில் பார்க்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

படங்கள் கொஞ்சம் போதும். ஆனால் இரண்டு வருடத்துக்கும் பரவலாக இருக்க வேண்டும். ஒரே கல்யாண வீட்டில் ஒரே புடவையில் எடுத்த முப்பது படம் ஒரு நாளைத்தான் காட்டும்.

ஜாயிண்ட் அக்கவுண்ட் கட்டாயமா என்கிறார்கள். எங்களிடம் இருக்கவில்லை. விசா காலம் குறைவாக இருக்கும் வெளிநாட்டவருக்கு வங்கிகள் சுலபமாகக் கணக்கு திறப்பதில்லை, அதனால் பலரால் முடியாது. மாதாமாதம் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போன பணமே எங்களுக்குப் பேசியது.

20 பிப்ரவரி 2023

பீனிக்ஸ் தம்பி, அவளுடைய படிப்பு விசா முடியக் குறைந்தது 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். டிசம்பர் என்றால் அக்டோபர் இல்லை, இன்னும் முன்னால். விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைக்கவே வாரங்கள் ஆகும்.

விசா முடிந்த பின் தங்கிவிட்டுக் கிளம்பினால் என்ன ஆகும் என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். 30 நாள் வரை தாண்டினால் 12 மாதம் வர முடியாது. 30 நாளுக்கு மேல் என்றால் ஐந்து வருடம். விமான நிலையத்தில் காகிதம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். "ஒன்றும் ஆகாது, என் மச்சான் போய் வந்தான்" என்று சொல்லும் மனிதரை நம்பி ஐந்து வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

14 மார்ச் 2023

இன்று விசா விதி எதுவும் எழுதப் போவதில்லை. தேதியைப் பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

1913 மார்ச் 14. கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவில் முஸ்லிம் முறைப்படி மணந்த ஒரு பெண் தன் கணவரிடம் வந்து சேர அனுமதி கேட்ட வழக்கு. பல மனைவியரை அனுமதிக்கும் ஒரு மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம் இங்கே செல்லாது, அவளை உள்ளே விட வேண்டியதில்லை என்று முடிந்தது. ஒரே நாளில் இந்த நாட்டிலிருந்த இந்து, முஸ்லிம் பெண்கள் எல்லோரும் சட்டத்தின் முன் மனைவி இல்லாதவர்கள் ஆனார்கள்.

அதன் பிறகு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பி எல்லை தாண்டி, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்போது பதினாறு வயது. அந்த வருடமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது, ஒரு மனைவியோடு வாழும் கல்யாணங்கள் ஏற்கப்பட்டன.

அதோடு முடிந்ததா? இல்லை. 1953-இல் அப்போதைய அரசு இன்னொரு சட்டம் போட்டு இந்தியாவிலிருந்து மனைவியர் வருவதையே நிறுத்தியது. என்னவரின் தாத்தாவுடைய அண்ணன் வேலூர்ப் பக்கம் போய்க் கல்யாணம் செய்து வந்தவர். மனைவியை அழைத்துவர வழியில்லாமல் போனது. கடைசி வரை கடிதத்திலேயே குடும்பம் நடத்தினார்கள் என்று ஆயா சொல்வார். அந்தக் கடிதங்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன.

அதனால்தான், "கல்யாணம் ஆகாதவளுக்கு எதற்கு விசா" என்று நம் ஆட்களே கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. யார் மனைவி, யார் குடும்பம் என்று ஒரு அதிகாரி தன் மத அளவுகோலால் முடிவு செய்த கொடுமையை நம் பாட்டிகள் பட்டார்கள். அந்த வாசலை இன்னொருவருக்கு மூட நாம் துணை போகலாமா?

16 மார்ச் 2023

அரசியல் பேசாதே என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். மன்னிக்கவும் அண்ணா, இது விசா பற்றிய பேச்சுதான். இந்த விசாவே ஒரு வழக்கில்தான் பிறந்தது. 1999 டிசம்பர் 2-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. கணவன் மனைவிக்கு மட்டும் குடிவரவில் இடம் கொடுத்து, ஒரே பாலினத் துணைவர்களை விலக்கியது செல்லாது, அவர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார்கள். தாலி கட்டாத ஆணும் பெண்ணும் இன்று இந்த வரிசையில் நிற்பது அந்த வழக்குப் போட்டவர்கள் திறந்த வாசல் வழியாகத்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

12 ஏப்ரல் 2023

வெள்ளம் வந்து ஒரு வருடம். போன வருடம் ஏப்ரல் 11 இரவு மழை வந்தபோது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர். கோப்பு முழுக்க நனைந்துவிட்டது. உயிர் போனவர்கள் நானூறுக்கும் மேல், அதன் முன்னால் காகிதம் பெரிதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி வையுங்கள். எங்கள் நோட்டரியிடம் மூல ஒப்பந்தம் பாதுகாப்பாக இருந்ததால் மறுபடி நகல் கிடைத்தது. மாமியாரின் பழைய படங்கள்தான் திரும்பி வரவில்லை.

3 ஜூன் 2023

வேலை பற்றி. பிரிவு 18 உறவினர் விசா வாங்கினால் வேலை செய்ய முடியாது. அதற்கு ஒருவருக்கு மாதம் 8,500 ராண்டு என்று பொருளாதார உத்தரவாதமும் காட்ட வேண்டும். பிரிவு 11(6) துணைவர் விசாவில், விண்ணப்பித்தால் வேலைக்கோ படிப்புக்கோ தொழிலுக்கோ அனுமதியைச் சேர்த்துத் தருவார்கள். வேலை என்றால் முதலாளியின் வேலைவாய்ப்புக் கடிதமும் ஒப்பந்தமும் வேண்டும், அனுமதி அந்த முதலாளிக்குத்தான். வேலை மாறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதும்போதே எந்தப் பிரிவு என்று தெளிவாகக் குறியுங்கள். படித்த பெண்கள் உறவினர் விசாவில் மாட்டி வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன், அது அவர்களைத் தின்கிறது.

இந்த விசா உறவு உண்மையாக இருக்கும் வரைதான் செல்லும். நிரந்தரக் குடியிருப்பு கிடைத்த பிறகும் இரண்டு வருடம் உறவு தொடர வேண்டும். துணை இறந்துவிட்டால் மட்டும் விலக்கு.

4 ஜூன் 2023

மதுரைப் பெண்ணைப் போனிலும் வீடியோவிலும் காதலிக்கும் ஸ்டாங்கர் தம்பிக்கு: உன் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வழி உனக்கு இப்போது சரிவராது. ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு நீ எதைக் காட்டுவாய்? வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டது சேர்ந்து வாழ்ந்தது ஆகாது. அவள் படிப்புக்கோ வேலைக்கோ அவளுக்குரிய விசாவில் வரட்டும், சேர்ந்து இருந்து பாருங்கள். கல்யாணம் செய்ய இருவருக்கும் உண்மையான விருப்பம் இருந்தால் அதையும் யோசியுங்கள், அது தவறில்லை. விசாவுக்காக மட்டும் வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

13 ஆகஸ்ட் 2023

ஆடி மாதக் கூழ் காய்ச்சிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். நேர்காணல் எப்படி இருக்கும் என்று பயந்து பயந்து கேட்கிறார்கள்.

இருவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், தனித்தனி அறையில் கேட்கலாம் என்று விதியே சொல்கிறது. எங்களிடம் கேட்டவை சாதாரணமானவை. வீட்டுக் கதவு என்ன நிறம், யார் முதலில் எழுந்திருப்பார், கரண்ட் போனால் எதில் சமைப்பீர்கள், அவருடைய அம்மாவுக்கு என்ன மருந்து, கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள். சண்டைக்கு நான் சொன்ன காரணமும் அவர் சொன்ன காரணமும் வேறுவேறு. அதிகாரி சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றியும் ஒரு சண்டை போட்டோம்.

மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே வரியை இருவரும் ஒப்பித்தால்தான் சந்தேகம் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவருடைய சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் அதை நேர்காணலுக்கு முன் அல்ல, உங்களுக்காகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

15 ஆகஸ்ட் 2023

உயில் எதற்கு என்று கேட்ட அண்ணனுக்கு. ஜேன் பவன்யா என்ற ஜிம்பாப்வே பெண்ணின் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கேப் டவுனில் வீட்டு வேலை செய்தவர். அவரும் அவருடைய துணைவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள், கல்யாணம் செய்யத் திட்டம் இருந்தது. 2016-இல் அந்தத் துணைவர் இறந்துவிட்டார். பதிவுக் கல்யாணம் இல்லாததால் வாரிசாக முடியாது என்றார்கள். 2021 டிசம்பர் 31-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், நிரந்தரத் துணைவரை வாரிசுரிமையிலிருந்து ஒதுக்கியது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. உச்சியில் இருக்கும் நீதிமன்றம் வரை போய், ஐந்து வருடத்துக்கு மேல் போராடி வாங்கிய நீதி. அந்தப் பெண் பெயரைச் சேர்த்து ஒரு உயில் இருந்திருந்தால் அவருக்கு அந்த அலைச்சலே இருந்திருக்காது. எழுதி வையுங்கள்.

19 அக்டோபர் 2023

நேற்று முன்தினம் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஏற்க மறுத்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய துணைவர் டர்பன்காரர், நம் ஊர்ப் பையன். இருவரும் இங்கே ஒன்றாக இருந்திருக்கிறார்கள், இப்போது வேலை முடிந்து சென்னை திரும்பிய பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பி, அழாதே. உன் துணைவருக்கு இந்தியாவில் லைஃப் பார்ட்னர் என்று ஒரு விசா வழி இல்லை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கும் துணைவருக்கும் இந்தியா தரும் அட்டை) துணைவருக்கு வேண்டுமென்றால் பதிவான திருமணமும் அது இரண்டு வருடம் நீடித்திருப்பதும் வேண்டும். ஆனால் இங்கே உனக்கு இரண்டு வாசல் திறந்திருக்கிறது. சேர்ந்து வாழ்ந்த காலத்துக்கு ஆதாரம் இருந்தால் 11(6). அல்லது 2006 நவம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கும் சிவில் யூனியன் சட்டப்படி இங்கே வந்து மணம் செய்துகொள்வது. சென்னையில் விஎஃப்எஸ் மையம் இருக்கிறது, விண்ணப்பத்தை அங்கேயே கொடுக்கலாம்.

இந்த இடத்தில் அவரை நக்கல் செய்து எழுதிய இருவருக்கு: உங்கள் வார்த்தைகளைப் படித்தேன். அவருடைய அம்மாவும் இதைப் படிக்கிறார் என்று அந்தத் தம்பி சொன்னார். இனி அப்படி எழுதாதீர்கள்.

21 அக்டோபர் 2023

சுற்றுலா விசாவில் வந்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பொதுவாகக் கூடாது. ஆனால் குடிமகன் அல்லது நிரந்தரக் குடியிருப்பு உள்ளவரின் துணைவருக்கும் பிள்ளைக்கும் அந்தத் தடை செல்லாது என்று 2019 ஜூனில் நந்துட்டு வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுண்ட்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தீர்ப்பை அச்செடுத்துக் கோப்பின் மேலே வையுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், காகிதத்தை நீட்டுங்கள்.

7 டிசம்பர் 2023

மூன்று நாள் முன்பு, டிசம்பர் 4-இல், ரேமெண்ட் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆகஸ்டில் தனியாக எழுதிய அக்காவுக்காக இதைப் பொதுவில் போடுகிறேன், பெயர் சொல்லவில்லை.

அவருடைய நிலைமை இதுதான். 11(6) விசாவில் இருந்தார், உறவு முறிந்துவிட்டது, குழந்தை இங்கே பிறந்த தென்னாப்பிரிக்கக் குடிமகள். உறவு போனால் விசாவும் போகும், வேலையும் போகும், நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். குழந்தையை விட்டுவிட்டா? அந்தப் பயத்திலேயே அடிக்கிற வீட்டில் இருந்தார். இப்படி எத்தனை பெண்கள் வாய் மூடி இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இப்போது நீதிமன்றம் சொல்லியிருப்பது: தென்னாப்பிரிக்கக் குழந்தையைப் பராமரிக்கும் வெளிநாட்டுத் தாயோ தந்தையோ, துணைவர் உறவு முடிந்துவிட்டது என்ற காரணத்துக்காக வேலையை விட்டு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற பிரிவுகள் அரசியலமைப்புக்கு எதிரானவை. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதுவரைக்கும் இடைக்கால ஏற்பாடும் தீர்ப்பிலேயே இருக்கிறது.

அக்கா, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, கிளினிக் அட்டை, குழந்தைக்கு நீங்கள் செலவு செய்ததைக் காட்டும் வங்கி அறிக்கை, எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் அலுவலகத்துக்குப் போங்கள். பாதுகாப்பு ஆணையை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் கேட்கலாம், அதற்கு வக்கீலும் வேண்டாம், விசாவையும் பார்க்க மாட்டார்கள். தனியாகப் போக முடியாது என்றால் எனக்கு எழுதுங்கள், வியாழக்கிழமை எனக்கு விடுமுறை, கூட வருகிறேன்.